உசாவலுக்கு முன்பே ஒறுப்பா?

(திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



2022ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களின் கடைசிக் கிழமையில், தாம்பரத்தைச் சார்ந்த பதினேழு அகவைச் சிறுவன் ஒருவன், மின்கலங்களைத் திருடினான் என்னும் குற்றச்சாட்டின் பேரில் பிடிக்கப்பட்டுச் செங்கற்பட்டிலுள்ள அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டான். 29ஆம் நாள் உள்ளே சென்றான். 31ஆம் நாள் இறந்துபோனான். அடுத்து வந்த சனவரித் திங்களில், அச் சாவு தொடர்பாக அவ்வில்லத்தின் பணியாளர் அறுவர் தளைப்படுத்தப்பட்டனர். 2023இல், இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற உயர் முறைமன்ற நடுவர் கே. சந்துரு அவர்களைக் கொண்ட ஒருவர் குழுவைத் தமிழ்நாட்டரசு அமைத்தது. அவ்வாண்டு நவம்பரில் அக்குழுவின் அறிக்கையும் அரசின் கைக்கு வந்தது.

அவ்வறுவர் மீதான வழக்கின் முடிபு முறைமன்றத்தைச் சார்ந்தது. அதைப்பற்றி இம்மேடையில் தீர்ப்புக் கூறுவது, இவ்வுரை எதை எதிர்த்து எழுந்ததோ அதையே செய்வதாகும். ஆனால் அச் செய்தி வெளிவந்த நாளில் செய்தித்தாள்களும் மேடைகளும் ஒரே ஒரு வினாவைத்தான் கேட்டன: "இல்லத்திற்குள் என்ன நடந்தது?" அதற்கு முந்திய வினா ஒன்று உண்டு. அதைக் கேட்டோர் மிகச் சிலர். குற்றம் செய்தான் என்று எந்த மன்றமும் இன்னும் கூறாத ஒரு சிறுவன், அந்த இல்லத்திற்குள் எதற்காகச் செல்ல வேண்டும்?

கூர்நோக்கு இல்லம் என்பது குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட சிறாருக்குரிய இடம் என்று நம்மவருள் படித்தோரும் கருதிக்கொண்டிருக்கின்றனர். அன்று. மெய்ப்பிக்கப்பட்டோர் அனுப்பப்படும் இடத்திற்குச் 'சிறப்பு இல்லம்' என்று பெயர். கூர்நோக்கு இல்லமோ, குற்றம் சாட்டப்பட்டு உசாவல் முடியாத சிறாரை, உசாவல் முடியும் வரையில் வைத்திருக்கும் இடம். ஆகவே அங்குள்ள ஒவ்வொரு சிறுவனும், சட்டத்தின் கண்ணுக்கு, இன்று தெருவில் பந்தாடிக்கொண்டிருக்கும் சிறுவனைப் போன்றே குற்றமற்றவன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தன் அடிப்படைக் கொள்கைகளை அடுக்கும் மூன்றாம் பிரிவில், பதினெட்டு அகவை வரையிலுள்ள எச் சிறாரையும் தீய உள்ளமற்றவராகவே கருதுதல் வேண்டும் என்று முதற்கண் கூறுகின்றது. (நயன்மை என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்க, அரசு ஏன் நீதி என்னும் வடசொல்லையே கட்டிக்கொண்டு அழுகின்றது என்பது வேறு கேள்வி. அலுவலகங்களில் தேடுவோர்க்கு விளங்க வேண்டுமே என்பதற்காக, இவ்வுரையில் அரசு இட்ட பெயரே ஆளப்படுகின்றது.)

ஆராயாமல் ஒறுத்ததனால் ஓர் அரசு எரிந்த கதையைத் தமிழனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கோவலன் மதுரையில் வெட்டுண்டது குற்றம் செய்ததனால் அன்று. பொற்கொல்லன் சொன்ன சொல்லை உசாவாமல் பாண்டியன் ஏற்றதனால். அக்கதையைப் பட்டிமன்றந்தோறும் பேசிக் கைதட்டல் வாங்குகின்ற நாட்டில், குற்றஞ்சாட்டப்பட்ட சிறுவனைத் "திருட்டுப் பயல்" என்று அன்று மாலையே ஊர் முடிவு கட்டிவிடுகின்றது!

பெருமக்களே! சட்டம் கொடியது, ஆதலால்தான் சிறார் அடைக்கப்படுகின்றனர் என்று கருதிவிடாதீர்கள். இவ் வகையில் சட்டம் நன்றாகவே இருக்கின்றது. இந்தியாவிலேயே சிறார்க்கெனத் தனிச் சட்டம் முதன்முதலாக இயற்றப்பட்டது சென்னை மாகாணத்தில்தான், 1920இல். வங்கம் அதைப் பின்பற்றியது 1922இல், பம்பாய் 1924இல். சிறாரைப் பெரியவர்களின் சிறையினின்றும் மன்றத்தினின்றும் பிரிக்க வேண்டும் என்பது அச் சட்டத்தின் உயிர்க்கருத்து. அதன் பின்னும் இந்தியாவெங்கும் சிறார் பெரியோர் சிறைகளில் கிடந்தனர். 1986இல் சீலா பர்சே என்னும் செய்தியாளர் தொடுத்த வழக்கில்தான் உச்ச முறைமன்றம் அதைக் கடிந்தது. ஏழாண்டுக்கு மேற்படாத ஒறுப்புக்குரிய குற்றங்களில், சிறார் மீதான புலனாய்வு மூன்று திங்களுக்குள்ளும் வழக்காடல் ஆறு திங்களுக்குள்ளும் முடிய வேண்டும் என்றும் அது கூறியது. அவ்வாண்டிலேயே இந்தியா முழுமைக்குமான முதற்சட்டம் வந்தது. 2000இல் அடுத்தது. இன்று நடப்பிலிருப்பது 2015ஆம் ஆண்டின் சட்டம். 2016 சனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவை ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அறிந்திருத்தல் நலம். குற்றம் பிணைக்குரியதா, பிணைக்கு உரியதல்லாததா என்னும் வேறுபாட்டை அப்பிரிவு அடியோடு நீக்கிவிடுகின்றது. பெரியவர்களுக்கு உரிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் என்ன சொன்னாலும் சரி, பிடித்துவரப்பட்ட சிறாரைப் பிணையாளரோடோ பிணையாளர் இன்றியோ விடுவித்தல் வேண்டும். அல்லது நன்னடத்தை அலுவலர் ஒருவரின் மேற்பார்வையிலோ, தகுதியாளர் ஒருவரின் பொறுப்பிலோ ஒப்படைத்தல் வேண்டும். 'வேண்டும்' என்பதே சட்டத்தின் சொல், 'கூடும்' என்பதன்று. மறுப்பதற்கு மூன்றே மூன்று கரணியங்கள் உள. ஒன்று, வெளியே விட்டால் அறியப்பட்ட குற்றவாளிகளோடு அவன் சேரக்கூடும் என்பது. மற்றொன்று, அவனுக்கே ஒழுக்கத்தாலோ உடலாலோ உள்ளத்தாலோ தீங்கு நேரக்கூடும் என்பது. பிறிதொன்று, நயன்மையின் நோக்கமே கெட்டுவிடும் என்பது. இவற்றுள் எதைக் கொண்டு மறுத்தாலும், அதற்குரிய சூழ்நிலைகளையும் கரணியத்தையும் எழுத்தில் பதிந்தாக வேண்டும். குற்றம் கடுமையானது என்பது மட்டுமே மறுப்பதற்குப் போதிய கரணியமன்று என்று உயர் முறைமன்றங்கள் பலகாலும் கூறியிருக்கின்றன.

அதற்கும் முந்திய படி ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டு நடுவணரசு வகுத்த நெறிமுறைகளின்படி, கொடுங்குற்றங்களிலும் பெரியவர்களோடு கூடிச் செய்ததாகக் கூறப்படும் குற்றங்களிலும் அன்றி, சிறார் மீது முதல் தகவல் அறிக்கையே பதியப்படலாகாது. நிலைய நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, அச் சிறுவனின் குடும்பம், படிப்பு, தொழில் முதலானவை பற்றிய குமுகப் பின்னணி அறிக்கையைக் குழுமத்திற்கு அனுப்பினால் போதும். பிடித்து வைக்கும் அதிகாரமும் கொடுங்குற்றங்களுக்கே உரியது. அச் சிறுவனின் நலனுக்காக வேண்டுமாயின் அன்றிப் பிறவற்றிற்கு அது இல்லை. இயல்பான திருட்டு, மூன்றாண்டுக்கு மேற்படாத ஒறுப்புக்குரியது. சட்டம் அதைச் 'சிறு குற்றம்' என்றே வகைப்படுத்துகின்றது. பிடிக்கப்பட்டவனைக் காவல் நிலையத்தின் பூட்டறையிலோ சிறையிலோ எந்நிலையிலும் வைத்தல் கூடாது. இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும்.

இத்துணை வழிகள் திறந்திருக்கும்போது, சிறார் உள்ளே கிடப்பது எதனால்?

விடை எளிது, அதனால்தான் அது எவர் கண்ணிலும் படுவதில்லை. கையெழுத்திட ஆளில்லை.

கட்டட வேலைக்குச் செல்லும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மகனைப் பிடித்துச் சென்றனர் என்பதை அண்டை வீட்டார் சொல்லி மாலையில் அறிகின்றாள். மறுநாள் வேலையை விட்டுக் காவல் நிலையம் செல்கின்றாள். அவன் குழுமத்தின் முன் கொண்டுசெல்லப்பட்டு விட்டான். அதற்கடுத்த நாள் குழுமம் நடக்கும் இடத்தைத் தேடிச் செல்கின்றாள், அன்று அமர்வில்லை. அமர்வு நாளில் சென்றால், பிணையாள் இருவர் வேண்டும். குடும்ப அட்டை வேண்டும். வீட்டுவரி கட்டிய சீட்டு வேண்டும் என்கின்றனர். வாடகைக் குடிசைக்கு ஏது வரிச்சீட்டு? சொந்த வீடு உடையவன் எவனும் அவளுக்கு உறவில்லை. உறவுடைய எவனுக்கும் சொந்த வீடில்லை. மூன்று நாள் கூலி போயிற்று. நான்காம் நாள் வேலைக்குச் செல்லாவிடில் மேற்பார்வையாளன் வேறு ஆளை வைத்துக்கொள்வான். அவள் வேலைக்குப் போகின்றாள். குழுமத்தின் ஏட்டில் "பெற்றோர் வரவில்லை" என்று எழுதப்படுகின்றது. பொறுப்பற்ற பெற்றோர் என்று அதற்குப் பொருள் கொள்ளப்படுகின்றது. பொறுப்பற்ற பெற்றோரிடம் விடுவது அவன் ஒழுக்கத்திற்குத் தீங்கு என்று, மறுப்பதற்குரிய கரணியம் அங்கேயே பிறந்துவிடுகின்றது!

அதே குற்றச்சாட்டு ஒரு வழக்கறிஞர் மகன் மீதோ வணிகர் மகன் மீதோ எழுமாயின், அவன் அன்று இரவு தன் வீட்டில் உண்டு உறங்குவான். இருவருக்கும் சட்டம் ஒன்று, குற்றச்சாட்டும் ஒன்று. வேறுபாடு, வீட்டுவரிச் சீட்டு. பிணையாளர் இன்றியும் விடுவிக்கலாம் என்று சட்டம் வாய்விட்டுச் சொல்லியிருக்க, பிணையாளரின்றி எவரையும் விடுவதில்லை என்னும் வழக்கம் எழுதாச் சட்டமாக அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றது.

இன்னும் இரங்கத்தக்க நிலை ஒன்றுண்டு. ஒடியா நாட்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளுக்கு வந்து சேரும் சிறார்க்குப் பெற்றோர் ஆயிரம் கல் தொலைவில் இருக்கின்றனர். அவன் சொல்வது அலுவலர்க்கு விளங்காது. அலுவலர் சொல்வது அவனுக்கு விளங்காது. வேற்றுமொழிக்காரன்தானே என்று அவனைத் தள்ளிவிடுவது தமிழுணர்வு ஆகாது. தன் மொழி விளங்காத மன்றத்தின் முன் நிற்பவனின் துயரத்தைத் தமிழனைவிட நன்கறிந்தவன் எவன்?

சில நாளோ சில கிழமையோ உள்ளே இருப்பதனால் என்ன குடிமுழுகிப் போகும் என்பார் உளர். பத்தாம் வகுப்புப் பையன் ஒரு திங்கள் பள்ளிக்கு வராவிடில், திரும்பி வருவானா என்பதை எந்த ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். பட்டறையில் தொழில் பழகும் பையனின் இடம் அடுத்த கிழமையே நிரம்பிவிடும். உள்ளே அவனுக்குக் கிடைக்கும் தோழமை எத்தகையது? முதன்முறை ஒரு மிதிவண்டியை எடுத்தவனும், பல வழக்குகளில் அடிபட்டவனும் ஒரே கூடத்தில் படுக்கின்றனர். 'அறியப்பட்ட குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான்' என்று பிணை மறுத்து, அத்தகையோர் நடுவிலேயே கொண்டுபோய் விடுவதை என்னென்பது? இதனினும் பெருந்தீங்கு ஒன்று: உள்ளே கிடக்கும் சிறுவன், வீட்டுக்குப் போனால் போதும் என்னும் ஏக்கத்தில், செய்யாததையும் செய்தேன் என்று சொல்லிவிடுவான். ஒப்புக்கொண்டால் அறிவுரையோடு அனுப்பிவிடுவார்கள் என்று அவனுக்கு எவரேனும் சொல்லியிருப்பர். உசாவல் முடியும்வரை அடைத்து வைத்தல், உசாவலையே கெடுத்துவிடுகின்றது.

அப்படியாயின் வேறு வழி என்ன? குற்றஞ்சாட்டப்பட்டவன் ஓடிவிடாமல் உசாவலுக்கு வர வேண்டும். அதுவரை புதுக் குற்றம் செய்யாதிருக்க வேண்டும். அடைத்து வைப்பதற்குச் சொல்லப்படும் நேர்மையான நோக்கங்கள் இவ்விரண்டே. இவ்விரண்டையும் அடைக்காமலேயே எய்த முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று செய்து காட்டியோர் உளர்.

அமெரிக்காவின் சிக்காகோ மாநகரைச் சூழ்ந்த குக்கு மாவட்டத்தில், 1990களின் நடுவில் மாலைநேர நடுவங்கள் சில தொடங்கப்பட்டன. சிறார் தவறு செய்யும் நேரம் பெரும்பாலும் எது? பள்ளி விட்ட பின்னும், பெற்றோர் வேலையினின்று திரும்புமுன்னும் உள்ள நேரம். ஆகவே மாலை நான்கு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை, அச் சிறார் தத்தம் பகுதியிலேயே உள்ள நடுவத்திற்கு வந்துவிட வேண்டும். அங்கே படிப்பும் விளையாட்டும் இரவுணவும் உண்டு. ஒன்பது மணிக்கு அவரவர் வீட்டில் கொண்டுபோய் விடப்படுவர். பகலில் பள்ளி, மாலையில் நடுவம், இரவில் தாய்வீடு. அடைப்பிடத்திற்குச் செல்ல வேண்டியவன் என்று கருதப்பட்ட சிறுவனுக்கே இந்த ஏற்பாடு. இதையொத்த முயற்சிகள் 1992 முதல் அந்நாட்டின் பல மாவட்டங்களுக்குப் பரவின. ஒரு சத்திரமும், சோறாக்க ஓர் ஆளும், கணக்குச் சொல்லித்தர ஓர் இளைஞனும் இருந்தால் நடக்கக்கூடிய செயல் இது.

இதனினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது நியூசிலாந்து நாட்டின் வரலாறு. அந்நாட்டின் மண்ணின் மைந்தர் மாவோரி மக்கள். வெள்ளையர் ஆட்சி ஏற்பட்டபின் அவர்தம் நிலம் போயிற்று, மொழி தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அவர்களின் பிள்ளைகள் பெருந்தொகையாக அரசின் இல்லங்களில் அடைக்கப்பட்டனர். சிறு தவறு செய்தவனும் உள்ளே. ஏழ்மையுற்ற வீட்டுப் பிள்ளையும் உள்ளே. அவ்வில்லங்களுக்குள் நிகழ்ந்தவற்றை ஆராய்ந்த அந்நாட்டின் பேராணையம், 2024 சூலையில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. 1950 முதல் 2019 வரை அரசின் பொறுப்பிலும் சமய நிறுவனங்களின் பொறுப்பிலும் இருந்த ஏறத்தாழ 6,55,000 பேருள் 2,00,000 பேர் வரை கொடுமைக்கு ஆளாகியிருக்கக்கூடும் என்று அது கணித்திருக்கின்றது. அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டுத் தலைமையமைச்சர் மன்றத்தில் எழுந்து பொறுத்தருள வேண்டினார். செங்கற்பட்டில் நிகழ்ந்தது ஓர் இல்லத்தின் தனிக்கேடு என்று சொல்லி அமைவோர் இவ்வெண்ணை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சிறாரைப் பூட்டிவைத்து, ஊரின் கண்ணுக்கு மறைத்துவிடும் இடம் எந்நாட்டில் இருந்தாலும் இத்தகைய தீங்குகளுக்கே விளைநிலமாகின்றது.

மாவோரித் தலைவர்கள் வாளாவிருக்கவில்லை. 1986இல் சான் இரங்கிகாவு என்பவர் தலைமையில் அமைந்த குழு, அரசின் நலத்துறை மாவோரிக் குடும்பங்களை எவ்வாறு சிதைக்கின்றது என்பதை ஓர் அறிக்கையாக அளித்தது. 'விடியல்' என்று பொருள்படும் மாவோரிப் பெயரே அவ்வறிக்கைக்கு இடப்பட்டது. "பிள்ளை தனியன் அல்லன், அவன் குடும்பத்திற்கும் கிளைக்கும் குடிக்கும் உரியவன், அவனைப் பற்றிய முடிவை அவர்களை விலக்கிவிட்டு எடுப்பது முறையன்று" என்பது அதன் சாரம். மூன்றாண்டுகளில், 1989இல், அது சட்டமாயிற்று. மாவோரிப் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, அந்நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும். ஆளப்பட்டவரின் மரபு ஆண்டவரின் சட்டத்திற்குள் ஏறி அமர்ந்தது.

அச்சட்டத்தின் செயல்முறை இது. பொதுநலன் வேறுவகையாக வேண்டினாலன்றி, மாற்றுவழி இருக்கும்போது சிறார் மீது வழக்கே தொடுக்கலாகாது என்பது அதன் கொள்கை. ஆகவே பெருந்தொகையான தவறுகள் காவலரின் கண்டிப்போடும், தீங்குற்றவரிடம் பொறுத்தருளக் கேட்டல், கெடுத்த பொருளை ஈடுசெய்தல் போன்ற ஏற்பாடுகளோடும் முடிந்துவிடுகின்றன. முடியாதவை குடும்பக் கூடுகைக்கு வருகின்றன. தவறிழைத்ததாகக் கூறப்படும் சிறுவன், அவன் பெற்றோர், பாட்டன் பாட்டி, சிற்றப்பன்மார், தீங்குற்றவர், காவலர் ஆகியோர் ஒரே அறையில் அமர்வர். தீங்குற்றவர் தமக்கு நேர்ந்ததைத் தம் வாயாலேயே சொல்வார். பின்னர்க் குடும்பத்தார் மட்டும் தனியே அமர்ந்து, என்ன செய்வது என்று தமக்குள் பேசி முடிவோடு வருவர். எல்லாரும் ஒத்துக்கொண்டால் அதுவே திட்டம். கொலை போன்ற சில குற்றங்கள் நீங்கலாகப் பிறவற்றில், குற்றம் மறுக்கப்படாத வழக்குகளில் இக்கூடுகை நடவாமல் மன்றம் முடிவெடுப்பதில்லை.

2008இல் மற்றோர் அடியும் எடுத்துவைக்கப்பட்டது. கிசுபோர்ன் என்னும் ஊரில், மாவோரி மக்களின் பொதுமன்றிலேயே இளையோர்க்கான அமர்வு நடத்தப்பட்டது. பின்னர்ப் பல ஊர்களுக்கும் பரவியது. அங்கே வந்து நிற்கும் இளைஞன், தன் மலை இது, தன் ஆறு இது, தன் குடி இது என்று தன் தாய்மொழியில் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். முதியோர் எதிரில் அமர்ந்து கேட்பர். பெற்ற மொழியை இழந்து நகரத்துச் சந்துகளில் வளர்ந்த பிள்ளை, தான் யார் என்பதை முதன்முதலாக அங்கேதான் வாய்விட்டுச் சொல்கின்றான்.

இதனால் எல்லாம் நேராகிவிட்டது என்று கூறிவிட முடியாது. அந்நாட்டில் இன்றும் அடைக்கப்படும் இளையோருள் மாவோரிப் பிள்ளைகளே அவர்தம் மக்கள்தொகைக்கு மிஞ்சிய அளவில் இருக்கின்றனர். நல்ல சட்டம் பறிபோன நிலத்தைத் திருப்பித் தந்துவிடாது. எனினும், தவறிய பிள்ளையைச் சுற்றிக் கதவடைப்பதற்கு மாறாக, அவனைச் சுற்றி உறவினரை அமர்த்தலாம் என்பதை ஒரு சிறு மக்களினம் உலகிற்குக் காட்டிவிட்டது.

கொடுங்குற்றம் செய்தவனையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்கின்றீர்களா என்று கேட்பர். 2012 திசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமையில் அறுவருள் ஒருவன் பதினெட்டு நிரம்பாதவன். அச் சினத்தில் பிறந்ததே 2015ஆம் ஆண்டுச் சட்டம். பதினாறு நிரம்பியோர் கொடுங்குற்றம் செய்ததாகக் கூறப்படின், பெரியவர்க்குரிய முறையில் உசாவலாம் என்று அது வழிவகுத்தது. ஆனால் அத்தகைய சினத்தின் நடுவில் இயற்றப்பட்ட அச்சட்டமும் பன்னிரண்டாம் பிரிவினின்று எவரையும் விலக்கவில்லை. உண்மையாகவே பிறர்க்கோ தனக்கோ தீங்கு விளைப்பான் என்று ஆராய்ந்தறியப்பட்ட சிலரை வெளியே விட இயலாது. அதற்கே அம்மூன்று கரணியங்கள் இருக்கின்றன. மின்கலமும் கைப்பேசியும் மிதிவண்டியும் எடுத்தான் என்று சொல்லப்படுபவனை, அச் சிலரைக் காட்டி அடைத்துவைப்பதுதான் முறைகேடு. தீங்குற்றவர்க்கும் அடைப்பினால் என்ன கிடைக்கின்றது? கைப்பேசியை இழந்தவனுக்குக் கைப்பேசியும் வருவதில்லை. ஒரு வருத்தச் சொல்லும் வருவதில்லை. நியூசிலாந்தின் அறையில் அவன் பேசுகின்றான். இங்கே அவன் சான்றுக்கூண்டில் ஒருநாள் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகின்றான்.

இனி இங்குள்ளோர் செய்யக்கூடியவற்றுக்கு வருவோம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் சிறார்நலக் காவல் அலுவலர் ஒருவர் அமர்த்தப்பட்டிருக்க வேண்டும் என்று சட்டத்தின் 107ஆம் பிரிவு கூறுகின்றது. உங்கள் பகுதி நிலையத்தில் அவர் யார் என்பதை நாளைக்கே சென்று கேளுங்கள். கேட்பவர் இருக்கின்றனர் என்று தெரிந்தாலே பாதி வேலை நடக்கும். ஒரு சிறுவன் பிடிக்கப்பட்டால், தாய் தனியாகச் செல்லாமல் கூட ஒருவர் செல்லுங்கள். சிறார் எவரும் இலவய வழக்கறிஞர் பெற உரிமையுடையவர். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அதற்குக் கட்டணம் இல்லை. வருமானச் சான்றும் வேண்டியதில்லை. ஆசிரியர்கள், "இவன் எங்கள் பள்ளி மாணவன், நாள்தோறும் வருகின்றான்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். பட்டறை உரிமையாளர், "இவன் இடம் காத்திருக்கின்றது" என்று எழுதிக் கொடுக்கலாம். நன்னடத்தை அலுவலர் இரண்டு கிழமைக்குள் அச்சிறுவனைப் பற்றி அறிக்கை தர வேண்டும். அவர் தெருவுக்கு வரும்போது ஊரார் கதவைச் சாத்திக்கொள்ளாமல், தெரிந்த நல்லதைச் சொல்லலாம். அவ்வறிக்கையில் ஏறும் நான்கு நல்ல வரிகளுக்கு நாற்பது மேடைப் பேச்சுகள் ஈடாகா.

சொந்த வீடும் வரிச்சீட்டும் உடையோர் இவ்வவையில் பலர் இருக்கின்றனர். பிணையாள் ஆவதற்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை. தகுதியாளர் என்பது இன்னும் ஒருபடி மேலான பொறுப்பு. ஒரு குறிப்பிட்ட தேவைக்காக ஒரு பிள்ளையின் பொறுப்பை ஏற்க முன்வருபவரைக் குழுமம் உசாவி, தகுதியுடையவர் என்று ஏற்பளிக்கும். பெற்றோர் தொலைவிலிருக்கும் திருப்பூர்ச் சிறுவனுக்கு இதுவே வழி. ஊருக்கு இருவர் அவ்வாறு ஏற்பளிக்கப் பெற்றிருந்தால், "ஒப்படைக்க ஆளில்லை" என்று எவரும் எழுத முடியாது.

பிணை கிடைத்தும், கேட்ட தொகையைக் கட்ட இயலாமலும் பிணையாள் கிடைக்காமலும் உள்ளே இருப்போர்க்குப் பன்னிரண்டாம் பிரிவின் நான்காம் உட்பிரிவு இருக்கின்றது. பிணையாணை பிறந்த ஏழு நாளுக்குள் அதன் கட்டுப்பாடுகளை நிறைவேற்ற முடியாத சிறுவனை மீண்டும் குழுமத்தின் முன் கொண்டுவந்து, அக்கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது பற்றி எண்ண வேண்டும் என்பது சட்டம். இவ்வுட்பிரிவை அறியாமையால்தான் பல தாய்மார் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டே கடன்காரன் வாயிலில் நிற்கின்றனர். கடன் வாங்க வேண்டியதில்லை. ஆணை பிறந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்; ஏழாம் நாள் கழிந்தால் மறுநாள் காலை, "கட்டுப்பாட்டைத் தளர்த்துக" என்னும் வேண்டுகைத் தாளோடு அத்தாயையும் அழைத்துக்கொண்டு குழுமத்தின் வாயிலில் இருங்கள்.